பெண்களுக்கு வராத நோய்

“பொம்பளைப் புள்ளைக்கு அதெல்லாம் வராதும்மா. நீங்க போய் வெளிய உக்காருங்க.”

சேலத்தில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரி சர்ஜன் என்னிடம் சொன்ன முதல் முழு வாக்கியம் இதுதான். அதுவரை “ம்”, “சரி”, “அப்புறம்” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே கட்டிலில் என் அக்கா மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். அப்பெண்டிக்ஸ். அன்றைக்கே அறுத்தாக வேண்டும் என்றார்கள். அறுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? கத்தி வைப்பதற்கு முன்னால் அவள் ரத்தம் ஒழுங்காக உறைகிறதா என்று பாருங்கள் என்றுதான் கேட்டேன். அவளைப் பெற்ற என் அக்கா, பெற்ற மறுநாளே ரத்தம் நிற்காமல் செத்துப்போனவள். எங்கள் தம்பிக்கு ஹீமோபிலியா. சின்ன அடி பட்டாலும் ரத்தம் உறையாது, மூட்டுக்குள் கசிந்து வீங்கிவிடும். இதையெல்லாம் மூச்சு விடாமல் சொல்லி முடித்தால், பெண்களுக்கு வராது, வெளியே உட்கார் என்று பதில்.

எனக்கு வந்ததே கோபம்! இத்தனை வருஷமாக இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை வாயில் கேட்டுவிட்டேன். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஆனால் மற்ற நாட்களில் யாரும் கையில் கத்தி வைத்துக்கொண்டு சொன்னதில்லை.

முந்தின நாள் காலையிலிருந்தே அவளுக்கு வலி. பிளஸ் டூ படிக்கிறவள் என்பதால் பரீட்சை பயம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் விடிந்தபோது வலது பக்கம் தொடவே விடவில்லை. ஏற்காடு ஏரிக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு கடை இருக்கிறது, காப்பித்தூள், மிளகு, தேன் விற்கிறோம். கடையை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். வளைவுக்கு வளைவு என் தோளைக் கடித்துக்கொண்டு வந்தாள். அடிவாரம் வந்ததும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தாங்க மாட்டாள் என்று இறங்கி ஆட்டோ பிடித்து, கண்ணில் பட்ட முதல் பெரிய ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தேன். அதுதான் அந்தப் புண்ணியவானின் ஆஸ்பத்திரி.

எங்கள் வீட்டு ஆண்களைச் சொந்தக்காரர்கள் காதைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். எவனுக்கும் காது குத்தியிருக்காது. அம்மாவின் அண்ணன் ஒருவன், காது குத்திய இடத்தில் ரத்தம் நிற்காமல் குழந்தையிலேயே போய்விட்டானாம். குலசாமிக்கு ஏதோ கோபம் என்று முடிவு கட்டி, இனி இந்த வழியில் ஆம்பளைப் பிள்ளைக்கு மொட்டை அடிப்பதோடு சரி, காதில் ஊசி படக்கூடாது என்று வைத்துவிட்டார்கள். பெண் பிள்ளைகள் மேல் சாமிக்குக் கோபம் இல்லையாம், அதனால் எங்களுக்கெல்லாம் கெடா வெட்டிக் காது குத்தினார்கள். பிறகு தம்பி தவழுகிற வயதில் முட்டி வீங்கி, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்த பிறகுதான் அந்தச் சாமி கோபத்துக்கு ஹீமோபிலியா என்று ஒரு பெயர் இருப்பது தெரிந்தது. சரி, பெயர் தெரிந்தது. அதனால் என்ன மாறியது? “ஆம்பளைங்களுக்குத்தான் வரும். பொம்பளைங்க கேரியர், அவ்வளவுதான்” என்று அன்றைக்கு ஒரு டாக்டர் சொன்னார். சாமியும் டாக்டரும் ஒரே பேச்சு! இரண்டு பேருமாகச் சேர்ந்து எங்கள் வீட்டுப் பெண்களைக் கணக்கிலேயே சேர்க்காமல் விட்டார்கள். கேரியராம். எவனுக்கோ சோறு கொண்டுபோகிற தூக்குப்போசியா நாங்கள்?

இந்தப் பிள்ளைக்கும் காது குத்தினோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும்? காது குத்தாத மாமன் மடியில் குழந்தை உட்கார்ந்தது. ஆசாரி ஊசியை எடுத்ததும் என் அம்மா அலறிக்கொண்டு ஓடிவந்தாள். “ஏனுங்க, பாத்துக் குத்துங்க! ஊசி எம்பையன் கைல பட்டுறப் போவுதுங்க!” தம்பியின் கை மேலும் தொடை மேலும் துண்டை நாலாக மடித்துப் போட்டார்கள். ஊசி குத்தியது பிள்ளைக்கு, காபந்து மாமனுக்கு. அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் அந்தச் சின்னக் காதிலிருந்து ரத்தம் கசிந்து தம்பியின் வேட்டி முழுக்கச் சிவந்துபோனது. மறுநாளும் தலையணையில் கறை. “எங்கயோ சரியாப் பாத்துக் குத்தல” என்று ஆசாரியைத் திட்டினார்கள். நான் சொன்னேன், அக்காவுக்கும் இப்படித்தான், மூக்குக் குத்தினபோது நாலைந்து நாள் நிற்கவில்லை, பிள்ளையை டாக்டரிடம் காட்டலாம் என்று. “பொம்பளைப் புள்ளைதான, ஆறிரும் போ” என்று என் வாயை அடைத்தார்கள்.

அவள் வயதுக்கு வந்த பிறகு நடந்ததைச் சொல்லப் போனால் வாயில் நல்லா வருகிறது எனக்கு. மாதத்தில் பாதி நாள் அவளுக்கு அதிலேயே போகும். பள்ளிக்கூட யூனிஃபார்முக்கு உள்ளே பழைய பாவாடையைக் கட்டிக்கொண்டு போவாள். பெஞ்சிலிருந்து எழுந்திருக்கவே பயப்படுவாள். முகம் காகிதமாக வெளுத்துப்போய், மேட்டில் நாலடி ஏறினால் மூச்சு வாங்கும். சூட்டு உடம்பு என்று வெந்தயம் ஊற வைத்துக் கொடுக்கச் சொன்னார்கள், மோர் கொடுக்கச் சொன்னார்கள். ஒரு டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். இன்னொரு அம்மா சிரித்துக்கொண்டே, “கல்யாணம் ஆனா சரியாப் போயிரும்” என்றார். ஒவ்வொரு இடத்திலும் நான் அக்கா கதையைச் சொன்னேன், தம்பி கதையைச் சொன்னேன். ஒவ்வொரு இடத்திலும் அதே பதில். கடைசியில் இவளுடைய உயிரியல் பாடத்திலும் அதையேதான் கட்டம் போட்டு வைத்திருந்தார்கள். ஆண் என்றால் நோயாளி, பெண் என்றால் சுமப்பவள். “புத்தகத்துலயே அப்படித்தான் இருக்குது சித்தி, வுடுங்க” என்று எனக்கே பாடம் எடுத்தாள்.

சர்ஜன் கதைக்கு வருகிறேன். நான் வெளியே போய் உட்காரவில்லை.

“பிளீடிங் டைம், கிளாட்டிங் டைம் ரெண்டுமே பாத்தாச்சும்மா. நார்மல்” என்றார்.

“அது இல்லீங்க டாக்டர். என் தம்பிக்குப் பாப்பாங்களே, ரத்தத்த உறைய வெக்கற ஃபேக்டர் எவ்வளவு இருக்குதுன்னு, அதப் பாருங்க.”

“நீங்க டாக்டரா, நான் டாக்டரா?”

“நீங்கதானுங்க டாக்டர். அதனாலதானுங்க உங்களக் கேக்கறேன்.”

அவர் நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் என்னைப் பார்த்தது. “புள்ளையோட அப்பா இல்லீங்களா? அவர வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்க.”

அப்பா! அவர் ஆத்தூரில் இருக்கிறார். அக்காவுக்குக் காரியம் முடிந்த கையோடு குழந்தையை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போன மனுஷன். வேறு கல்யாணம் செய்துகொண்டார், வேறு பிள்ளைகள் இருக்கின்றன. காது குத்துக்குச் சொல்லி அனுப்பினோம், வரவில்லை. வயதுக்கு வந்த சீருக்குச் சொன்னோம், அதற்கும் வரவில்லை. எனக்குப் பிள்ளை கிடையாது, இவள்தான் என் பிள்ளை. நர்ஸிடம் சொன்னேன், “அம்மாவும் நாந்தான், அப்பாவும் நாந்தான். அந்தச் சோதனையப் பண்ணாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

“வெடிச்சுதுன்னா நீங்கதான் பொறுப்பு” என்றார் சர்ஜன்.

“நாந்தாங்க பொறுப்பு. இத்தன வருசமும் வேற யாருங்க பொறுப்பா இருந்தா?”

சத்தமாகத்தான் சொன்னேன். ஆனால் அறுக்காமல் விட்டு உள்ளே வெடித்தால் பிள்ளை போய்விடும். அறுத்து ரத்தம் நிற்காவிட்டாலும் போய்விடும். இரண்டில் எது நடந்தாலும் அவளைக் கொன்றவள் நான்தான் என்று ஆகிவிடும். அந்த ஆளுக்கு என்ன, கையைக் கழுவிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். தம்பிக்குப் போன் போட்டேன். அவன் தலைச்சோலைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். சாதுவான பையன், சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. விஷயத்தைச் சொன்னதும் “அக்கா, அங்க ஒரு நிமிசம் இருக்காத. நான் ஊசி போட்டுக்கற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. நான் வந்தர்றேன்” என்றான்.

சேலத்திலேயே இருக்கும் அந்தப் பெரியாஸ்பத்திரிக்குப் போனால் அங்கேயும் ஒரு கவுன்ட்டர் இருந்தது. எல்லா ஊரிலும் கவுன்ட்டர் ஒன்றுதான். ரத்தம் எடுத்துச் சோதிக்க ஃபேக்டர் பிரிவுக்குச் சீட்டு வேண்டும், சீட்டுக்குக் கார்டு வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் வரிசையில் நின்று கார்டு கேட்டால் அங்கே உட்கார்ந்திருந்தவர், “லேடீஸ்க்கெல்லாம் இங்க கார்டு போடறதில்லீங்க” என்றார். தள்ளுவண்டியில் பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறாள், இவர் இதைச் சொல்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து தம்பி குரல் கேட்டது. நொண்டிக்கொண்டே வந்து, தன் கார்டை எடுத்து அந்த மேஜை மேல் அடித்தான்.

“எம்பேர்ல எழுதிக்கிங்க. எனக்குன்னு எழுதி அவளுக்குப் பாருங்க. மருந்தும் எம்பேர்லயே குடுங்க. நான் ஆம்பளதானுங்களே? வருமில்லீங்களா எனக்கு?”

அவன் கத்தியதில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது. உள்ளேயிருந்து ஓர் இளம் டாக்டர் வெளியே வந்தாள், முப்பது வயதுகூட இருக்காது. என்ன என்று கேட்டாள். நான் ஆரம்பத்திலிருந்து சொன்னேன், அக்கா, காது, மூக்கு, பாவாடை எல்லாவற்றையும். குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு என்னை விட்டுவிட்டுப் பிள்ளையிடம் குனிந்தாள். “மாசம் எத்தனை நாள் இருக்கும்மா? கட்டி கட்டியாப் போகுமா? ராத்திரி எந்திரிச்சு மாத்துவியா? பால்பல்லு விழுந்தப்ப எப்படி இருந்துச்சு?” பிள்ளை ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். வலியிலும் அவள் முகத்தில் ஓர் ஆச்சரியம். “இதெல்லாம் யாரும் கேட்டதே இல்லீங்க மேடம்” என்றாள்.

டாக்டர் கவுன்ட்டர்காரரிடம், “மாமா பேர்ல எதுக்கு? அவ பேர்லயே போடுங்க. நான் கையெழுத்துப் போடறேன்” என்றாள். அப்பெண்டிக்ஸுக்கு அங்கேயிருந்த சர்ஜனைக் கூப்பிட்டுக் காட்டி, இன்னும் வெடிக்கவில்லை, ஊசி மருந்தில் ஒரு நாள் தள்ளலாம் என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. பிள்ளைக்கும் ரத்தம் எடுத்தார்கள், எனக்கும் எடுத்தார்கள்.

சாயங்காலம் முடிவு வந்தது. சாதாரணமாக ஒரு மனுஷருக்கு இருக்க வேண்டியதில் பத்தில் ஒரு பங்குகூட அவளுக்கு இல்லை. அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் பார்த்த சோதனையில் இது சிக்காதாம், இதற்கென்று தனியாகப் பார்த்தால்தான் தெரியுமாம். எனக்கு எவ்வளவு என்று கேட்டேன். எனக்கு நிறையவே இருந்தது. சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். எனக்கு ஆத்திரமாக வந்தது.

“ஏனுங்க டாக்டர், நானும் எங்கக்காவும் ஒரே வயித்துப் புள்ளைங்க. எனக்கு இருக்குது, அக்கா செத்துப்போனா. இவளுக்கு இப்படி. பொம்பளைங்களுக்கு வராதுன்னு படிச்சவங்க அத்தன பேரும் சொல்றாங்க. அப்ப இது என்னதானுங்க?”

அவள் பிள்ளையைப் பார்த்து, “உங்க ஊட்ல பூனை இருக்கா?” என்றாள்.

எங்கள் கடையில் ஒரு பூனை உண்டு. கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டாக இருக்கும். பிள்ளை போனில் படத்தைக் காட்டினாள்.

“இது பெட்டைதான?” என்றாள் டாக்டர். “இந்த மாதிரிப் பூனை ஏறக்குறைய எல்லாமே பெட்டையாத்தான் இருக்கும். ஏன்னா பெட்டைக்கு எக்ஸ் குரோமோசோம் ரெண்டு. ஒண்ணுல கறுப்பு ரோமத்துக்கான ஜீன், இன்னொண்ணுல மஞ்சளுக்கு. பொம்பளைங்களுக்கும் அப்படித்தான் ரெண்டு இருக்கு, ஆம்பளைக்கு ஒண்ணுதான். ரெண்டும் சேந்து வேலை பார்த்தா அளவு ஜாஸ்தியாயிரும். அதனால கரு சின்னதா இருக்கறப்பவே, ஒவ்வொரு செல்லும் ரெண்டுல ஒண்ண மூடிரும். எத மூடறதுன்னு கணக்கெல்லாம் இல்ல, குருட்டாம்போக்குதான். ஆனா ஒரு தடவ மூடிட்டா, அந்த செல்லுல இருந்து வர்ற எல்லா செல்லும் அதையேதான் மூடி வெச்சுக்கும், சாகற வரைக்கும். இந்தப் பூனைல கறுப்பு இருக்கற இடத்துல மஞ்சள மூடியிருக்கு. மஞ்சள் இருக்கற இடத்துல கறுப்ப மூடியிருக்கு.”

பிள்ளை வலியை மறந்து எழுந்து உட்காரப் பார்த்தாள். நான் அமுக்கிப் படுக்க வைத்தேன்.

“ரத்தம் உறையறதுக்கான ஜீனும் அந்த எக்ஸ்லதான் இருக்கு” என்றாள் டாக்டர். “உங்கம்மாகிட்ட இருந்து உனக்குப் பழுதான ஒண்ணு வந்திருக்கு. அப்பாகிட்ட இருந்து நல்லது ஒண்ணு வந்திருக்கு. பொதுவா பாதிக்குப் பாதி மூடும், பாதி செல்லு வேலை பார்த்தாலே சமாளிச்சுக்கலாம். உங்க சித்திக்கும் அந்தப் பழுது இருக்கலாம், ஆனா அவங்களுக்கு மூடினது சாதகமா அமைஞ்சிருக்கும். உனக்குப் பெரும்பாலும் நல்லதுதான் மூடியிருக்குன்னு நினைக்கிறேன். அதையும் சோதிச்சுப் பாத்துரலாம்.”

நல்லது உள்ளேதான் இருக்கிறது. பழுதில்லாமல் முழுசாக இருக்கிறது. வாயைக் கட்டி வைத்திருக்கிறது. இதைக் கேட்டதும் எனக்கு அழுகை வரவில்லை, எதையாவது தூக்கிப் போட்டு உடைக்க வேண்டும் போலிருந்தது.

“மூடினதத் திறக்க முடியாதுங்களா மேடம்?” என்று பிள்ளை கேட்டாள்.

“அதத்தான் இப்ப உலகம் பூராத் தேடிட்டிருக்காங்க” என்றாள் டாக்டர். “ஆர்.என்.ஏன்னு படிச்சிருப்பியே. அதுல நீளமா ஒண்ணு இருக்கு. அதுல இருந்து புரதம் எதுவும் உண்டாகாது. அது அந்த எக்ஸ் மேல போர்வையாப் போத்திக்கிட்டு, வேற சில புரதங்களக் கூப்பிட்டு வெச்சு மூடிருது. மூடினது சுத்தமா ஊமைன்னுதான் முன்னாடி நினைச்சாங்க. இப்பப் பார்த்தா, மூடினதுலயும் சில ஜீன் கமுக்கமாப் பேசிட்டுத்தான் இருக்கு. ஆய்வுக்கூடத்துல செல்லுலயும் எலிலயும் போர்வைய விலக்கிப் பாக்கறாங்க. ஆனா வேணுங்கற ஒண்ண மட்டும் எழுப்பணும், மத்தது எல்லாம் சேந்து எந்திரிச்சிட்டா வேற வம்பு. உனக்கு இன்னைக்கு அது உதவாது. இன்னைக்கு உதவறது உங்க மாமா போட்டுக்கற இதே மருந்துதான்.”

அவள் போன பிறகு என் போனில் தேடினேன். குரோமோசோம் மூடுகிற விஷயம் நேற்று இன்று கண்டுபிடித்ததில்லை. நான் பிறப்பதற்கு முன்பே எலியின் ரோமத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். கேரியர் என்று பெயர் வைக்கப்பட்ட பெண்களுக்கும் ரத்தம் நிற்காமல் போகலாம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எலித் தோலுக்கும் பூனைத் தோலுக்கும் பார்த்துப் பார்த்து எழுதினவர்கள் இருந்திருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு வந்து என் அக்காவைப் பார்க்க ஒரு நாதி இல்லை. படித்துத்தானே டாக்டர் ஆனார்கள்? அத்தனை வருஷம் படித்தவர்களுக்கு, ஒரு பெண் “எனக்கு ரத்தம் நிக்கலீங்க” என்றால் அவள் சொல்வது உண்மையாக இருக்கும் என்று மட்டும் எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது. நினைக்க நினைக்க வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது.

மறுநாள் காலையில் மருந்தை ஏற்றி, அளவு ஏறிவிட்டதா என்று பார்த்து, அதற்குப் பிறகுதான் அறுத்தார்கள். நானும் தம்பியும் வெளியே நின்றோம். அவனுக்கு முட்டி மடங்காது, நிற்பதே கஷ்டம். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. கதவு திறந்து அந்த இளம் டாக்டர் வந்து, “ரத்தம் அதிகமாப் போகல. நல்லா இருக்கா” என்றதும் நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மத்தியானம் வார்டில் பிள்ளை கண் விழித்தாள். டாக்டர் வந்து தையலைப் பார்த்தாள், மருந்து இன்னும் சில நாள் போகும் என்றாள். பிறகு என்னிடம், “இவங்கம்மாவுக்கு அன்னைக்கு ஃபேக்டர் பாத்தாங்களா?” என்று கேட்டாள்.

“யாருங்க பாத்தா? கர்ப்பப்பை சுருங்கலன்னு சொன்னாங்க. பாட்டில் பாட்டிலா ரத்தம் ஏத்தினாங்க. நான் ஏற்காட்டுல கடையப் பாத்துட்டிருந்தேன், எனக்குப் பொணத்தத்தான் காட்டினாங்க.”

“எந்த ஆஸ்பத்திரி?”

“இதேதானுங்க” என்றான் தம்பி.

அவன் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தான். எங்கள் யாரையும் பார்க்கவில்லை.

“அன்னைக்கு நானும் இங்கதானுங்க இருந்தேன். முட்டி வீங்கி, மேல் மாடில சேத்திருந்தாங்க. எனக்குக் கைல இந்த மருந்து ஏறிட்டிருந்துச்சு. அக்கா கீழ பிரசவ வார்டுல. எங்கம்மா ஒரு பிளாஸ்குல காப்பிய வெச்சுக்கிட்டு மேலயும் கீழயும் ஓடிட்டே இருந்தாங்க. அக்காவுக்கு ரத்தம் நிக்கலையாமான்னு வந்து அழுதாங்க. நான் நர்ஸக் கேட்டனுங்க. எனக்கு ஏத்தறத அவளுக்குக் கொஞ்சம் ஏத்தக்கூடாதுங்களான்னு. அந்தம்மா சிரிச்சுட்டாங்க. இது ஆம்பளைங்க வியாதி தம்பி, பேசாமப் படுன்னாங்க. நானும் படுத்துட்டனுங்க.”

இது எனக்குத் தெரியாது. இத்தனை வருஷமாக என்னிடம்கூட அவன் சொன்னதில்லை. அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, அவன் ஒருத்தன்தான் கேட்டிருக்கிறான். மற்ற எல்லார் மேலும் வந்தது. சிரித்த அந்தப் பெண் மேல், சுருங்கவில்லை என்று எழுதிக் கொடுத்தவர்கள் மேல், மகனுக்கு ஒரு மாடியும் மகளுக்கு ஒரு மாடியும் பிரித்துக் கொடுத்த அத்தனை பேர் மேலும் வந்தது. யாரைப் பிடித்து உலுக்குவது? “கேட்டீங்களா டாக்டர், கேட்டீங்களா?” என்று நான் கத்தினேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து பார்த்தார்கள்.

டாக்டர் என் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். “அவங்களுக்கு எவ்வளவு இருந்துச்சுன்னு இப்ப யாரும் சொல்ல முடியாது, பாக்கவே இல்லையே. ஆனா குடும்பத்துல இது இருக்குன்னு தெரிஞ்சு, அன்னைக்குப் பாத்து மருந்து போட்டிருந்தா, பொழைச்சிருக்க நிறைய வாய்ப்பு இருந்துச்சு” என்றாள்.

பிள்ளை இதையெல்லாம் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சின்னக் குரலில் கூப்பிட்டாள்.

“மாமா.”

“என்ன கண்ணு?”

“அப்ப நான் பொறந்ததுனால இல்லீங்களா?”

அக்காவின் பதினாறாம் நாள் காரியத்தில் அவள் புகுந்த வீட்டுக்காரி ஒருத்தி, தொட்டிலைக் காட்டி ஒரு வார்த்தை சொன்னாள். பெத்தவளைக் கொன்னுட்டுப் பொறந்தது என்று. அடுத்த நாள்தான் அந்த மனுஷன் குழந்தையைத் தூக்கிவந்து எங்கள் வீட்டில் போட்டுவிட்டுப் போனார். அந்த வார்த்தையை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை, செத்தாலும் சொல்ல மாட்டேன். எவள் வாயிலிருந்து இவள் காதுக்குப் போனதோ தெரியவில்லை. எத்தனை வருஷமாக அதை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வந்தாளோ, என் கையால் சோறு தின்றாளோ, தெரியவில்லை.

“இல்ல சாமி. நீ என்ன பண்ணுவ? உனக்கும் அதுக்கும் ஒண்ணுமே இல்ல சாமி” என்று தம்பி அவள் காலைப் பிடித்துக்கொண்டான்.

அவள் டாக்டரைப் பார்த்தாள். டாக்டரும் இல்லை என்று தலையாட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பி, “சித்தி, ஆத்தூருக்குப் போன் போட்டுக் குடுங்க” என்றாள்.

“இப்ப எதுக்கு கண்ணு அந்த ஆள்? நானே பேசறேன். இன்னைக்கு நாக்கப் புடுங்கிக்கற மாதிரி கேட்டுடறேன்.”

“நீங்க பேச வேண்டாம். போட்டுக் குடுங்க.”

போட்டுக் கொடுத்தேன். ஊசி ஏறாத கையில் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் நின்ற எனக்கும் அந்தக் குரல் கேட்டது.

“அலோ, யாருங்க?”

“நானுங்கப்பா. ஏற்காட்டுல இருந்து.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். “அம்மா என்னால சாகலீங்களாமாப்பா. டாக்டர் சொல்றாங்க.”